87-ம் பக்கத்தில் ரெண்டு கேள்விக்குறி!

போன வாரம் இந்தப் பகுதியில், வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ ஏன் மங்கிப்போகிறது என்று எழுதியிருந்தேன். "விஷயம் நல்லா இருக்கும்மா. ஆனா வாரா வாரம் உங்க வீட்டுக் கதைதானா?" என்று ஒரு வாசகர் அன்போடு கேட்டிருந்தார். மன்னிச்சுக்கோங்க சார். இந்த வாரமும் வீட்டுக் கதைதான். ஆனால், தீசிஸ் எழுதும் மகளோ மருமகளோ, வீட்டுக்கடன் அக்ரிமென்ட்டில் கையெழுத்து போடப்போகும் அண்ணனோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா. ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே ஏழு வருஷமாக பிஹெச்.டி பண்ணினாள். ஆரம்பித்தபோது கல்யாணம் ஆகவில்லை. முடிக்கும்போது எல்.கே.ஜி படிக்கும் பையன், "அம்மாவுக்கு மட்டும் ஏன் லீவே விட மாட்டேங்குறாங்க?" என்று கேட்கிறான். தர்மபுரி பக்கத்துக் கிராமங்களில் கிணறு, போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடுதான் அவள் ஆராய்ச்சி. வெயிலில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் சுமந்து வந்து பரிசோதித்தவள்.

திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கடைக்கார அண்ணன் மெஷினை நிறுத்தியிருக்கிறார்.

"மேடம், 87-ம் பக்கத்துல ரெண்டு கேள்விக்குறி இருக்கே, அது இருக்கணுமா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். 'அட்டவணை ??-ல் காட்டியுள்ளபடி' என்று இருந்தது. கேள்விக்குறிகள் ரெண்டும் தடித்த எழுத்தில், பளிச்சென்று.

"எனக்கு இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்கீங்கன்னு புரியாது மேடம். ஆனா, இந்த ரெண்டு கேள்விக்குறியை மட்டும் நல்லாத் தெரியும். இதோட பைண்டிங் பண்ணிட்டுப் போறவங்க அடுத்த வாரம் திரும்பி வருவாங்க. அழுதுட்டே வந்தவங்களும் இருக்காங்க."

ராத்திரி ஒன்பதரைக்கு எனக்கு போன். "ஏய், தூங்கிட்டியா? நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற?"

நான் பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில் ரிப்போர்ட்டர் வேலை. அதை வீட்டில் புரியவைக்க முயன்று தோற்று ரொம்ப நாளாகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சூடுபட்ட அனுபவம் உண்டு. ஒரு சமையல் இணைப்பை மின்னூலாக மாற்றும்போது, 'சட்னி செய்முறைக்குப் பக்கம் 0 பார்க்கவும்' என்று வெளியிட்ட புண்ணியவதி நான்தான்.

பழைய எண், புதிய எண்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கதவில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று இருக்கும். 14 என்று எழுதிவைத்திருந்தால் அலைய வேண்டியதுதான். 'பால்காரர் வீட்டுக்கு எதிர்வீடு' என்று தெரிந்திருந்தால் எந்த எண் மாறினாலும் கவலையில்லை.

200 பக்கத் தீசிஸிலும் இதே பிரச்னைதான். 'அட்டவணை 4.2 பார்க்க' என்று கையால் எழுதிவைத்துவிட்டு, பிறகு நடுவில் ஒரு அட்டவணையைச் சேர்த்தால் 4.2 என்பது 4.3 ஆகிவிடும். அதைக் குறிப்பிட்ட எல்லா இடங்களையும் தேடித்தேடித் திருத்த வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் தானாக அச்சுக்கோக்கும் மென்பொருள்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. நாம் எண்ணை எழுதவே வேண்டாம். அட்டவணைக்கு ஒரு செல்லப்பெயர் வைக்க வேண்டும். குறிப்பிடும் இடத்தில் அந்தப் பெயரை எழுதினால் போதும். எண்ணை மெஷின் போட்டுக்கொள்ளும். அட்டவணைகள் இடம் மாறினால் எண்ணும் மாறும்.

அக்கா பயன்படுத்தியது லாடெக். 'லேடெக்' என்றும் சொல்வார்கள். இதற்கு அடிப்படை 'டெக்' என்ற மென்பொருள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் க்னூத், தன் புத்தகத்தின் இரண்டாவது தொகுதியை மறுபதிப்பு செய்தபோது, அச்சகத்திலிருந்து வந்த புரூஃபின் தரம் பிடிக்காமல், 1970-களின் பிற்பகுதியில் தானே உருவாக்கியது அது. அதன் மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியதுதான் லாடெக். ரெண்டும் இலவசம். கணித ஆய்வுகள் இன்றும் பெரும்பாலும் இதில்தான் அச்சாகின்றன. தன் புத்தகங்களில் தப்பு கண்டுபிடித்தவர்களுக்கு க்னூத் 2.56 டாலருக்கு செக் எழுதித் தந்தவர். அப்படிப்பட்டவரின் மெஷினில் ஏன் இந்தக் கேள்விக்குறிகள்?

ரெண்டு சுற்று ஓடும் மெஷின்

முதல் பக்கத்தை அச்சுக்கோக்கும்போது, பின்னால் வரப்போகும் அட்டவணைக்கு என்ன எண், அது எந்தப் பக்கத்தில் விழும் என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் லாடெக் முதல் சுற்றில் முழுப் புத்தகத்தையும் ஒரு முறை கோக்கும். போகிற போக்கில் 'இந்தப் பெயருக்கு இந்த எண், இந்தப் பக்கம்' என்று ஒரு துணைக் கோப்பில் எழுதிவைக்கும். அடுத்த சுற்றில் அந்தக் குறிப்பைப் பார்த்து எண்களை நிரப்பும்.

குறிப்பில் இல்லாத பெயர் வந்தால்? எண் இருக்க வேண்டிய இடத்தில் '??' என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, மேலே போய்விடும். வேலையை நிறுத்தாது. பி.டி.எஃப் ஒழுங்காக வந்துவிடும். முதல் சுற்றில் எந்தப் பெயருமே தெரியாது என்பதால், தெரியாத பெயருக்கெல்லாம் நின்றால் முதல் சுற்றே முடியாதே! அதனால் அது நிற்காமல் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அக்கா விஷயத்தில் நடந்தது இதுதான். கடைசி வாரத்தில் கைடு, "இந்தப் பெரிய அட்டவணையை ரெண்டாப் பிரிச்சுடும்மா. குடிக்கத் தகுந்த கிணறு ஒண்ணு, தகாத கிணறு ஒண்ணு" என்று சொல்லியிருக்கிறார். அக்கா பிரித்தாள். ரெண்டுக்கும் புதுப் பெயர் வைத்தாள். ஆனால், பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மூன்று இடங்களை மாற்ற மறந்துவிட்டாள். அந்தப் பெயரில் இப்போது வீட்டில் யாருமில்லை.

மெஷின் கத்தியது, யாரும் கேட்கலை

"இவ்வளவு பெரிய சாஃப்ட்வேர், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அக்கா.

சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் லாடெக் 'லாக்' என்ற கோப்பில் தன் புலம்பல் எல்லாவற்றையும் எழுதிவைக்கும். இல்லாத பெயரைக் கூப்பிட்டால், எந்தப் பெயர், எந்தப் பக்கம், மூலத்தில் எந்த வரி என்பது வரை சொல்லும். கடைசியில் 'வரையறுக்கப்படாத குறிப்புகள் இருக்கின்றன' என்று மொத்தமாக இன்னொரு எச்சரிக்கையும் தரும். எண்கள் மாறியிருந்தால், 'இன்னொரு தடவை ஓட்டு' என்றும் கேட்கும்.

அக்காவின் எடிட்டரில் ஓரமாக ஒரு மஞ்சள் முக்கோணம். பக்கத்தில் 143 என்ற எண். திறந்து பார்த்தால், 'வரி விளிம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது', 'வரி கொஞ்சம் தளர்வாக இருக்கிறது' என்று பக்கம் பக்கமாகச் சில்லறைப் புகார்கள். அவற்றுக்கு நடுவில்தான் அந்த மூன்று எச்சரிக்கைகளும் இருந்தன. "ஏழு வருஷமா அந்த முக்கோணம் அங்கதான் இருக்கு. நான் அதை டிசைன்னே நினைச்சுட்டேன்" என்றாள்.

எப்போதும் ஒலிக்கிற அலாரத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. அதனால், தினமும் நூற்றுக்கணக்கான ஆவணங்களைத் தானாக அச்சுக்கோக்கும் இடங்களில் மனுஷர் கண்ணை நம்புவதில்லை. ஒவ்வொரு தடவை ஓடி முடித்ததும் ஒரு குட்டி புரோகிராம் லாக் கோப்பைத் திறந்து, 'அண்டிஃபைன்டு' என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடும். இருந்தால் வேலையையே நிறுத்திவிடும். கோப்பு வெளியே போகாது. பைத்தான் மொழியின் கையேடுகளை உருவாக்கப் பயன்படும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற மென்பொருளில், 'எச்சரிக்கையைப் பிழையாகவே நடத்து' என்று சொல்ல ஒரு சுவிட்சே இருக்கிறது.

அந்த வார்த்தையை லாக் கோப்பில் தேடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் மூன்று இடங்களும் சிக்கின. திருத்தினாள், ரெண்டு சுற்று ஓட்டினாள். எச்சரிக்கை மறைந்தது. பி.டி.எஃப்-பில் '??' என்று தேடினோம். எதுவும் இல்லை.

"அப்பாடா... காலையில பிரின்ட் போட்டுடறேன். நீ தூங்கு" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கம் வரவில்லை. "அந்த பி.டி.எஃப்பை எனக்கு அனுப்புக்கா. போன்லயே ஒரு தடவை பாக்கறேன்" என்றேன்.

எச்சரிக்கையே இல்லாத தப்பு

லாடெக்கில் இணைப்பு வசதி சேர்த்திருந்தால், பி.டி.எஃப்பில் 'அட்டவணை 4.1' என்று இருக்கும் எண்ணைத் தொட்டதும் அந்த அட்டவணைக்கே தாவும். படுக்கையில் படுத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். படம் 2.3, சரி. அட்டவணை 3.1, சரி. அட்டவணை 4.1, சரி.

ஒரு இடத்தில் 'அட்டவணை 4.3' என்று இருந்தது. தொட்டேன். அட்டவணைக்குப் போகாமல், '4.3' என்ற எண்ணுள்ள ஒரு துணைத் தலைப்புக்குப் போய் நின்றது. திரும்பி வந்து அந்த வாக்கியத்தைப் படித்தேன். அக்காவின் ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால், 'அட்டவணை 4.3-ல் உள்ள கிணறுகளின் நீர், ஃப்ளோரைடு அளவைப் பொறுத்தவரை குடிக்க ஏற்றது.'

கீழே தள்ளி உண்மையான அட்டவணை 4.3-ஐப் பார்த்தேன். தலைப்பு: 'அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள கிணறுகள்.'

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவு. அதைத் தாண்டிய நீரை வருஷக்கணக்காகக் குடித்தால், வளரும் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். அளவு ரொம்பவும் கூடினால் எலும்பு, மூட்டு வரை பாதிக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இந்த ஃப்ளோரைடும் ஒரு முக்கியக் காரணம்.

அக்காவுக்கு போன் போட்டேன். வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நான் எழுதினது 4.2-டி. நல்ல கிணறு லிஸ்ட். இது எப்படி 4.3 ஆச்சு?" என்றாள். பிறகு மெதுவாக, "இந்த நாலாவது சாப்டரோட சுருக்கத்தைத்தான் அந்த ஊர் பஞ்சாயத்துல தர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

காரணம் ஒரே ஒரு வரி. லாடெக்கில் அட்டவணைக்கு எண் கிடைப்பது, அதன் தலைப்பு வரி வரும்போதுதான். செல்லப்பெயரைத் தலைப்பு வரிக்குப் பிறகு எழுத வேண்டும். அக்கா அவசரத்தில் தலைப்புக்கு முன்னால் எழுதிவிட்டாள். வீடு கட்டுவதற்கு முன்பே பெயர்ப்பலகையை நட்டுவைத்த மாதிரி. பலகையைப் பார்த்த மெஷின், 'இங்கே வீடு எதுவும் காணோம், இது தெருவுக்கான பலகை போல' என்று நினைத்து, தெரு எண்ணைக் கொடுத்துவிட்டது. அதாவது, அந்த இடத்தில் நடந்துகொண்டிருந்த துணைத் தலைப்பின் எண்ணான 4.3. போதாத காலம், 4.3 என்ற எண்ணில் நிஜமாகவே ஓர் அட்டவணையும் இருந்தது. அதுவும் நேர் எதிரான அட்டவணை.

மெஷினைப் பொறுத்தவரை இதில் தப்பே இல்லை. பெயர் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. லாக் கோப்பில் ஓர் எச்சரிக்கைகூட வராது. '??' என்று தேடினாலும் சிக்காது. கடைக்கார அண்ணன் கண்ணுக்கும் தப்பிவிடும்.

அந்த வரியை ஓர் அடி கீழே இறக்கினாள். 4.3 என்பது 4.2 ஆனது. இதே தப்பு வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடியதில் இன்னும் ரெண்டு இடங்களில் இருந்தது. அவையெல்லாம் உயிருக்கு ஆபத்தில்லாத படங்கள். எல்லாம் முடியும்போது மணி ஒன்றரை.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

லாடெக்கில் எழுதுகிறவர்களுக்கு: கடைசித் திருத்தத்துக்குப் பிறகு ரெண்டு, மூன்று சுற்று ஓட்டுங்கள். 'லாடெக்-எம்கே' என்ற கருவி, தேவையான சுற்றுகளைத் தானே ஓட்டிவிடும். பிறகு லாக் கோப்பில் 'அண்டிஃபைன்டு', 'மல்டிப்ளி டிஃபைன்டு' என்ற ரெண்டையும் தேடுங்கள். ரெண்டாவது, ஒரே பெயரை ரெண்டு பேருக்கு வைத்துவிட்டீர்கள் என்பதற்கான எச்சரிக்கை. புத்தகப் பட்டியல் குறிப்பு உடைந்திருந்தால் அடைப்புக்குள் ஒற்றைக் கேள்விக்குறியாக வரும். அதையும் தேடுங்கள்.

பெயரோடு வகையையும் மெஷினையே எழுதச் சொல்லுங்கள்: 'அட்டவணை' என்ற வார்த்தையை நாம் எழுதி, எண்ணை மட்டும் மெஷினிடம் கேட்டதால்தான் அக்காவின் தப்பு மறைந்துகொண்டது. 'கிளெவர்ரெஃப்' என்ற துணைத் தொகுப்பு, எண்ணோடு அது அட்டவணையா, படமா, துணைத் தலைப்பா என்பதையும் சேர்த்தே அச்சிடும். அதைப் பயன்படுத்தியிருந்தால் 'பிரிவு 4.3-ல் உள்ள கிணறுகள்' என்று வந்திருக்கும். படித்தவுடன் இடித்திருக்கும்.

வேர்டில் எழுதுகிறவர்களுக்கு: வேர்டில் கேள்விக்குறி வராது. 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று நடு வாக்கியத்தில் வரும். ஆனால், அட்டவணையை அழித்தவுடனே வராது. அப்டேட் செய்யும்போதுதான் வரும். அச்சிடும்போது அப்டேட் ஆகும்படி செட்டிங் இருந்தால், திரையில் நன்றாக இருந்தது காகிதத்தில் எரர் ஆகிவிடும். அதனால், முடித்தவுடன் கன்ட்ரோல் - ஏ அழுத்தி எல்லாவற்றையும் செலக்ட் செய்து, எஃப் 9 அழுத்துங்கள். பிறகு 'எரர்!' என்று தேடுங்கள். பக்கத்தின் மேலும் கீழும் வரும் தலைப்பு வரிகளும், அடிக்குறிப்புகளும் இதில் அப்டேட் ஆகாது. அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

கையெழுத்து போடுகிறவர்களுக்கு: வாடகை, கடன், வேலை ஒப்பந்தம் எதுவானாலும் பழைய ஒப்பந்தத்தை வெட்டி ஒட்டித்தான் பல இடங்களில் தயாரிக்கிறார்கள். 'ஷரத்து 9-ல் கூறியபடி அபராதம்' என்று இருந்தால், ஷரத்து 9-ஐத் திருப்பிப் பாருங்கள். அது அபராதத்தைப் பற்றித்தான் பேசுகிறதா? இல்லாவிட்டால், திருத்திக் கொடுத்த பிறகே கையெழுத்து.

எல்லோருக்கும்: எண் இருக்கிறதா என்று பார்க்க மெஷின் போதும். அந்த எண் சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். முடிந்தால், எழுதியவர் அல்லாத இன்னொருவர் பார்க்கட்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "இதுக்கா இவ்ளோ கலாட்டா? அந்தக் காலத்துல தொடர்கதை படிச்சா, 'தொடர்ச்சி 58-ம் பக்கம்'னு போட்டிருப்பான். திருப்பினா தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். மிச்சக் கதையை நாங்களே தேடிக் கண்டுபிடிப்போம்" என்றார். தொடர்கதைக்கு அது சரி பாட்டி. கிணற்றுத் தண்ணீருக்குச் சரிப்படாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மறுபடி கடைக்குப் போனாள். அண்ணன் முதல் வேலையாக 87-ம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாராம். "ம்... இப்ப சரி" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டாராம். பழைய பக்கங்களை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "பையன் பின்பக்கம் படம் வரையட்டும், எடுத்துட்டுப் போங்க" என்றிருக்கிறார்.

திங்கட்கிழமை தீசிஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. பஞ்சாயத்துக்குத் தரப்போகும் சுருக்கத்தில் மட்டும் அக்கா எந்த எண்ணையும் வைக்கவில்லை. 'அட்டவணை பார்க்க' என்று எங்கேயும் அனுப்பாமல், எந்தத் தெரு, எந்தக் கிணறு, குடிக்கலாமா கூடாதா என்று வரிக்கு வரி தமிழில் எழுதிவைத்திருக்கிறாள். அச்சுக்குப் போகும் முன் என் போனுக்கும் வந்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேள்விக்குறி விழுந்த கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!